ஹாஜறா உட்கார்ந்த சஹன்

ஹாஜறா, தான் தேநீர் குடித்த கோப்பையை யாரும் தொடுமுன் கழுவிவிடுவாள். ஒரு தரமல்ல, மூன்று தரம். சாம்பல் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, மற்றக் கோப்பைகளில் படாமல் யன்னலோரம் கவிழ்த்து வைப்பாள். தேவையில்லை என்று கிளினிக்கில் சொல்லியும் கை கேட்கவில்லை.

சவூதியில் சாரதியாயிருந்த கணவன் நோயோடு திரும்பி மவுத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகுதான், தன் இரத்தத்திலும் எச்.ஐ.வி. இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஊர் ஒதுங்கிக்கொண்டது. மறுவருடம் சுனாமியாய்க் கடல் வந்தது. கல்முனை அகதி முகாமில் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே மூன்று பேர் மிஞ்சினார்கள்: ஹாஜறா, பிள்ளைகள் இரண்டையும் கடலுக்குக் கொடுத்த பாண்டிருப்புத் தங்கரத்தினம், யாருமற்ற பதின்மூன்று வயது ஸப்னா. முகாம் கலைந்தது, இவர்கள் கலையவில்லை. ஸப்னா ஒருத்தியை உம்மா என்றாள், மற்றவளை அம்மா என்றாள். ஹாஜறா மருந்தெடுக்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் தங்கரத்தினமும் போவாள். சோதனைச்சாவடியில் பையைக் கொட்டச் சொன்னால், மாத்திரைப் போத்தல் தங்கரத்தினத்தின் பையிலிருந்துதான் விழும். "எனக்குச் சீனி வருத்தம்" என்று நீரிழிவின் மேல் பழிபோடுவாள்.

யுத்தம் முடிந்த மறுவருடம் ஸப்னாவுக்கு ஒலுவிலில் மாப்பிள்ளை பேசி வந்தது. ஹாஜறா மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் றாபியாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். றாபியா கேட்டுமுடித்து எழுந்து போனாள். பிறகு கல்யாணத்துக்கு நாள் மட்டும் குறித்து அனுப்பினாள்.

ஹாஜறாவுக்குப் பயம் சஹனில்தான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடும் கல்யாணச் சாப்பாடு அது. பெண்ணின் தாய் உட்காராவிட்டால் ஊர் கேட்கும். உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்து போனால் ஸப்னா தலைகுனிவாள்.

கல்யாணத்தன்று அவள் குசினிக்குள் அடுப்போரம் ஒளிந்தாள். "எனக்குத் தனிப் பீங்கான்ல கொஞ்சம் தாங்க, வயிறு சரியில்ல."

"உன்ட வயிறு கல்யாண வீட்டுக்கு வந்தாத்தான் பழுதாகும். நடகா!" தங்கரத்தினம் கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் சஹனில் இருத்தித் தானும் இருந்தாள்.

நான்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. "நாங்க அங்கால இருக்கிறம்" என்று ஊர்க்காரி ஒருத்தி பின்வாங்கினாள். ஹாஜறா எழும்பப் பார்த்தாள்.

"என்னகா எல்லாரும் நிக்கிறீங்க? சோறு ஆறுது." றாபியா முக்காட்டைச் செருகிக்கொண்டு வந்து ஹாஜறாவை ஒட்டி உட்கார்ந்தாள். கோழியைப் பிய்த்து அவள் பக்கம் வைத்து, சம்பந்தி முறை சொல்லி அழைத்தாள். "மச்சி, பிஸ்மி சொல்லித் தொடங்குங்க."

ஹாஜறாவின் கை சோற்றுக்கு மேலே நின்றது.

"கெதியாச் சொல்லு புள்ள, பசிக்குது. இல்லாட்டி நான் பிள்ளையாரைக் கூப்பிட்டுத் தொடங்கிருவன்" என்றாள் தங்கரத்தினம்.

வீடே சிரித்தது. ஹாஜறா பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிசைந்தாள். மணப்பெண் ஸப்னா அறையிலிருந்து வந்து, "உம்மா, எனக்கும் இடம் உடுங்க" என்று நெருக்கிக்கொண்டு இருந்தாள். பின்வாங்கியவளும் வந்தாள், இன்னும் மூவர் வந்தார்கள். ஆறு பேர் சஹனில் எட்டுப் பேர். முதலில் காலியானதும் அந்தச் சஹன்தான்.

பேரன் பிறந்த பிறகு ஒருநாள் றாபியாவே சொன்னாள்: கூடச் சாப்பிட்டால் அந்த நோய் தொற்றுமா என்று அவள் தாதியிடம் போய்க் கேட்டது, கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதானாம்.