அரியலூர் கோர்ட்டில் அப்பா கேட்ட வாய்தாக்கள்

அப்பாவின் முதலாண்டுப் படையலுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கு வணக்கம். இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு முகம் சுண்டும். சுண்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய தகப்பனார் கைக்குழந்தையாகப் பெரம்பலூர் பக்கத்துக் குன்னத்திலிருந்து அங்கே போனவர். இரண்டாம் உலக யுத்தத்தில் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்ததும், தோட்டத்தில் கங்காணியாக இருந்த அப்பாவின் தாய்மாமா, "பொண்டாட்டி புள்ளைவள அழைச்சிக்கிட்டு ஊருக்குப் போயிடு மாப்ள. சண்ட முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். ஒன் வேலைக்கும் வூட்டுக்கும் நான் பொறுப்பு" என்றார். அப்பா நம்பினார். பயணம் தாங்காத தம் தாயை, அந்த மாமாவின் சொந்த அக்காவை, அவரிடமே விட்டுவிட்டு எங்களோடு கப்பலேறினார்.

யுத்தம் முடிந்தது. மாமா கூப்பிடவில்லை. தோட்டத்திலிருந்து அழைப்பு இல்லாமல் திரும்பிப் போக அனுமதியும் கிடைக்கவில்லை. அப்பாவின் வேலையிலும் வீட்டிலும் மாமா தன் மகளைக் கட்டிய மருமகனை வைத்துவிட்டார். தாய் இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் குன்னத்துக்கு வந்தது. அப்பா அப்போது பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்று அம்மா சொல்வார்.

பிறகு இலங்கை சுதந்திரம் பெற்றது. அங்கே பிறந்தால் மட்டும் குடிமகன் ஆகிவிட முடியாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் பல ஆண்டுகள் இடைவிடாமல் குடியிருந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்றும் பேச்சு வந்தது. பெரம்பலூர் வக்கீல் ஒருவர், "யுத்தத்துக்காக அனுப்பி வெச்சதுன்னு தோட்டத்து ஆள் ஒருத்தர் சாட்சி சொன்னா கேட்டுப் பாக்கலாம்" என்றார். குன்னத்தில் வீடு கட்ட மாமா வந்திருந்த நேரம் அது. அப்பா அவரைக் கெஞ்சி அழைத்துப் போனார்.

மாமா வக்கீலிடம் சொன்னார்: "இவரு நம்ம ஊரு ஆளுங்க. அங்க சும்மா வந்துட்டுப் போனவரு."

அந்த வழி அதோடு அடைந்துபோனது. மறுவாரம் அப்பா அதே வக்கீலிடம் போனார். எங்கள் முன்னோருக்குக் குன்னத்தில் இருந்த கரிசல் காட்டை மாமா தன் வேலிக்குள் சேர்த்திருந்தார். அதைக் கேட்டு அரியலூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்டது அப்பாதான். காடு கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து, யாரையும் நம்பாத மாமா ஊரிலேயே கிடந்தார். ஓராண்டு தாண்டியது. அவருக்கும் இலங்கையில் கதவு அடைபட்டது.

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என் மவள இனிமே பாக்க முடியாது போலருக்கு மாப்ள. நீ வேணும்னேதான இழுத்தடிச்ச?"

"ஆமா மாமா. வேணும்னேதான். எங்கம்மா மொகத்த நான் பாக்கல. ஒங்க மவ மொகத்த நீங்களும் பாக்க வேணாம்."

அடுத்த விசாரணையில் அப்பா வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காடு இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அதன்பின் அப்பா உழைத்து எங்களைப் படிக்க வைத்தார். யாரிடமும் பொய் சொல்லவில்லை. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. படுக்கையில் விழுந்தபோது, பகையை விட்டுவிடும்படி பலர் சொன்னீர்கள். அப்பா என்னை அருகே அழைத்து, "மன்னிச்சிட்டேன்னு எதுலயும் எழுதிப்புடாத" என்றார். எழுதவில்லை அப்பா.

அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய தம்பிகளுக்கும், இரவு பகலாகக் கஞ்சி காய்ச்சித் தந்த அத்தை வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பா இறந்த அன்று மாமாவின் பேரன்கள் பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்தார்கள். அந்த மாலை ஏன் அப்பாவின் மேல் விழவில்லை என்று அன்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். அதை வாங்கி வாசல் முள்வேலியில் போட்டவன் நான்தான்.