கோன் மேல் எழுதிய சூத்திரங்கள்

கண்ணுகளா, நேத்து நீங்க அலமாரிக் கதவில் பசை தடவி ஒட்டின சூத்திரத் தாளின் வாசம், தறி நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசம் மாதிரியே இருந்து, சோமனூரில் இடிபட்டுப்போன எங்க தறிக்குடோனுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. பத்தாவது படிக்கையில், நூல் தீர்ந்த, கூம்பு வடிவப் பச்சை அட்டைக் கோன்களில்தான் சூத்திரம் எழுதுவேன். பேசினால் கேட்காத அந்த விசைத்தறிச் சத்தத்துக்குள், தறி அடிக்கிற தாளத்துக்கு 'வி ஈக்வல் டு யூ பிளஸ் ஏடி' என்று கத்திப் படிப்பேன். கூம்பின் கனஅளவை மட்டும், கூம்பு மேலேயே கூம்பைப் பற்றி எழுதுகிற குஷியில், சுற்றிச் சுற்றி அழகாக எழுதுவேன்.

"உன்ற எழுத்து அச்சடிச்சாப்புல இருக்குது, எனக்கொண்ணு குடுறா" என்று கூடப் படித்த செந்தில் கேட்டான். கொடுத்தேன்.

அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் அந்தக் கோனைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவன், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "என்னுது இல்லீங்க சார். எழுத்து அவனுதுங்க, கோனும் அவங்கூட்டுதுங்க. அவந்தான் எம்மேல வீசிப்போட்டானுங்க."

எழுத்து என்னுது, கோனும் எங்களுது. அந்த ரெண்டு உண்மையை வைத்து மூணாவது பொய்யையும் சார் நம்பிவிட்டார். "நல்லாப் படிக்கறவன்னு நெனச்சனே" என்று என் விடைத்தாளைப் பிடுங்கி, வெளியே போகச் சொன்னார். செந்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் காலியானதும், சைக்கிள் நிறுத்துமிடத்தில் தனியாக உட்கார்ந்து, கேள்வித்தாளைப் பார்த்து மிச்சமிருந்த கணக்கையெல்லாம் வேறொரு தாளில் போட்டு முடித்து, யாரும் வாங்கிக்கொள்ளப் போகாத அந்தத் தாளின் மேலே என் பேரையும் பரீட்சை நம்பரையும் எழுதினேன்.