ஊற்றைச் சுற்றி வைத்த மரங்கள்

மலைமேல் இருக்கிற கூக்கால் கிராமத்தில் செல்லப்பாண்டிக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. அவன் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. யார் வீட்டுச் சேவல் யார் வீட்டுக் குழம்பில் கொதித்தது, யார் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு மன்னவனூருக்கு நடந்தாள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தன் நிலத்துக்கு மேலே இருந்த ஊற்றைப் பற்றி மட்டும் அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஊற்று என்றால் கிணறு மாதிரி இல்லை. இரண்டு புல்மேடு சேருகிற மடிப்பில், மிதித்தால் கால் புதைகிற ஈரத்தரை. கோரையும் பாசியும் மண்டிக் கிடக்கும். ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பங்குனி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். தை மாதத்தில் உறைபனி விழுந்து மலை முழுக்க உப்புத் தூவினாற்போல வெளுத்திருக்கும்போதும் அங்கே தண்ணீர் ஓடும். அதைச் சின்ன வாய்க்காலில் திருப்பித்தான் அவன் மனைவி சின்னத்தாயி கீழே நிலத்தில் பூண்டு போட்டாள். அவர்களுக்கு இருந்த நிலம் அது ஒன்றுதான். பிள்ளை இல்லை. பொழுது சாய்ந்ததும் ஊற்றில் தவளைகள் கத்தும்.

"உங்க சொந்தக்காரங்க கூப்பிடுறாக. போயி என்னான்னு கேளுங்க" என்பாள்.

ஐம்பதுகளின் கடைசியில் புல்மேடுகளில் வாட்டில் மரம் நட வனத்துறையில் ஆள் எடுத்தார்கள். தோல் பதனிடுவதற்குப் பட்டை உரிக்கிற சீமை மரம். செல்லப்பாண்டி கூலிக்குப் போனான். கன்று வளர்கிற வேகத்தைப் பார்த்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

மலையில் பிறந்தவன் யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். சோலைக்குள் போனால் நடுக்கோடையிலும் கால் நனையும். மரம் நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். சோலை மரம் பெரிதாக ஒரு ஆயுள் ஆகும். இந்த வாட்டிலோ குதிரை மாதிரி ஓடுகிறது. ஊற்றைச் சுற்றி வைத்துவிட்டால் சின்னத்தாயிக்குச் சொந்தமாக ஒரு சோலையே ஆகிவிடுமே.

கன்றுகளைத் தலைப்பாகைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தவனை ஃபாரஸ்ட் கார்டு பரமானந்தம் வழியில் நிறுத்தினார்.

"ஏலே, என்ன மண்ட வீங்கிக் கெடக்கு?"

"சளிங்கய்யா. துண்டக் கனமாக் கட்டியிருக்கேன்."

"சளிக்கு எல மொளைச்சிருக்குலே."

அவர் சிரித்துக்கொண்டே போகவிட்டார். எங்கே நட்டாலும் மரம்தானே என்று நினைத்திருப்பார். அன்றைக்குக் குழி தோண்டியது அவன். கன்றைப் பிடித்து நிறுத்தி மண் அணைத்தது சின்னத்தாயி.

மரங்கள் மளமளவென்று எழும்பின. மஞ்சளாகப் பூத்தன. ஊரே பாராட்டியது. அவனும் ஊற்றங்கரையில் உட்கார்ந்து பீடி குடித்தபடி மைனர் மாதிரி கால் ஆட்டினான்.

சில வருடம் கழித்து ஒரு சாயங்காலம் சின்னத்தாயி, "தவளச் சத்தத்தயே காணோமே?" என்றாள்.

"சம்பந்தம் பேசப் போயிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அந்தத் தை மாதமே வாய்க்கால் நின்றுவிட்டது. மழை குறைவு என்றான். மறு வருடம் மழை கொட்டியும் நின்றது. மண்வெட்டியோடு போய்க் கோரை இருந்த இடத்தைத் தோண்டினான். முன்பு முழங்கால் வரை புதைந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்குள் பாய் முடைந்தாற்போல வேர், எல்லாம் அவன் வைத்த மரங்களுடையது.

அன்றே வெட்ட ஆரம்பித்தான். பழனியில் மொட்டை போட்டு வந்த தலை மாதிரி, வெட்டிய இடமெல்லாம் அடுத்த மழைக்கே திரும்ப முளைத்து நின்றது. பரமானந்தம் வந்தார்.

"கவர்மெண்டு மரத்த வெட்டுனா கேசுலே."

"நான் நட்டதுங்கய்யா."

"அப்பத் திருட்டுக் கேசும் சேரும்."

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடம் சின்னத்தாயி கீழே ஊர் ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். மேடு ஏறி ஏறி முதுகு பிடித்துக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தால் பூண்டு கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தது.

பெருமாள்மலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற சோலி ஒன்று செல்லப்பாண்டிக்குக் கிடைத்தது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டுக் கட்டுகளை அவள் அவிழ்த்தாள். போன நல்ல விளைச்சலில் எடுத்து வைத்தவற்றில் மிச்சம். அவனைத் தூக்கிவரச் சொல்லி, ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த வீரம்மாள் வீட்டுக்குப் போனாள்.

வீரம்மாளுக்குக் கை நீட்டவே கூச்சம்.

"வெதைய யாராச்சும் குடுப்பாகளாக்கா?"

"எங்கிட்ட இருந்தாச் சருகாயிரும். ஒங்கிட்டன்னா மொளைக்கும்."

"வெளஞ்சதும் பாதிய எடுத்து வைக்கிறேன். வந்து வாங்கிக்கோ."

"வாங்கி எங்கன போட?"

வீரம்மாள் செல்லப்பாண்டியைப் பார்த்தாள். இந்த மாதிரி இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறவன் அவன்தான். அவன் பூண்டுக் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனான்.

'நீங்கதான வச்சீங்க' என்று சின்னத்தாயி ஒரு தடவை சொல்லியிருந்தால், 'பிடிச்சு நிறுத்துனது நீதானடி' என்று சண்டை போட்டாவது ஆறியிருப்பான். இத்தனை நாளில் அவள் சொல்லவே இல்லை. அன்றைக்கும் வெளியே வந்து, "வெரசா வாங்க, சாமான் கட்டணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.