மாத்தினா வேற பேர் வையுங்கோ

பௌசியா ரீச்சர் காலமான செய்தி வெள்ளிக்கிழமை காலை மல்லாவிச் சந்தையடித் தொலைபேசிக் கடைக்கு வந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மறுமுனையில், வவுனியாவிலிருந்து அவருடைய தம்பி. "ராத்தா மௌத்தாகிட்டா, மாஸ்ரர். நெஞ்சுக்க நோகுது எண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." வவுனியாவுக்குப் போகும் ஓமந்தைச் சாவடிப் பாதை அந்தக் கிழமை முழுக்கப் பூட்டியிருந்தது. நான் போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரூற்றில் பிறந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, சமாதான காலத்தில் திரும்பி வந்து வவுனியாவில் கணினி படிப்பித்தார். சிறு பிள்ளைகள் தமிழில் கணக்குப் பழக ஒரு மென்பொருள் வேண்டும், அதை எவரும் இலவசமாக எடுக்கவும் திருத்தவும் விட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பாடம் எழுதக் கணக்கு ஆசிரியனான என்னையும், நிரல் எழுத உடையார்கட்டு யோகனையும் தேடி வந்தார்.

முதல் நாளே நான் கேட்டேன்: "உங்கள ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல. உங்களிட்டயும் அதைத்தான் கேக்க நினைச்சனான்" என்றார். சிரிக்கவில்லை.

மென்பொருளுக்குக் 'கூட்டாளி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஒரு வருடத்துக்குள் வன்னிப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. சீடிகளை அவரே பெட்டியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். இராணுவம், இயக்கம் என்ற இரண்டு பக்கச் சோதனைச் சாவடிகளிலும் அந்தப் பெயர் பழகிப்போயிருந்தது. பிள்ளைகளின் கணக்கு என்று பார்த்துவிட்டு விடுவார்கள்.

பெயர் விடயத்தில் மட்டும் அவர் இறுக்கமாக இருந்தார். கொழும்பில் அதை வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும் என்றார். யோகன் விடவில்லை. "எல்லாத்தையும் சும்மா குடுத்திட்டு, பேருக்கு மட்டும் ஏன் ரீச்சர் வேலி?"

"உள்ளுக்க இருக்கிறதை ஆரும் எடுக்கட்டும், மாத்தட்டும். மாத்தினா வேற பேர் வைக்கட்டும். பேரை நம்பித்தான் என்னைச் சாவடியில விடுறாங்கள்."

"அப்ப படிவத்தில உரிமையாளர் எண்டு ஆற்ற பேர் போடுறது?"

"அதைப் பிறகு பாப்பம்" என்று அவர் சீடிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பெயரைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு பிறகு விற்றுவிடுவாரோ என்று நினைத்தேன். யோகனிடமும் அதைச் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஓமந்தையில் இராணுவத்தினர் அவரை மறித்தார்கள். பள்ளிக்கூடமொன்று பழுதென்று திருப்பிக் கொடுத்த சீடி ஒன்றும் அவரிடம் இருந்தது. மேலே எங்கள் பெயர், எங்கள் படம். கணினியில் போட்டால் கூட்டல் பாடத்துக்குப் பிறகு, படையினரைச் சுடும் விளையாட்டு. காலையிலிருந்து பின்னேரம் வரை அவரை மர வாங்கில் இருத்திவைத்து விசாரித்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர் அந்தச் சீடியை மேசையில் வைத்தார். "இது ஆற்ற வேலை?"

"வவுனியாவில ஆரும் சேர்த்திருப்பினம்" என்றான் யோகன், அவரைப் பார்த்தபடியே.

மூலச் சீடியை, பிரதி எடுத்துத் தரச் சொல்லி, மல்லாவியில் சீடிக் கடை வைத்திருந்த என் மச்சானிடம் கொடுத்தவன் நான். விளையாட்டுச் சேர்த்தால் நன்றாகப் போகும் என்று அவன் சொன்னதும் நினைவிருந்தது. அப்படியிருந்தும், யோகனின் சந்தேகம் ரீச்சர் பக்கம் திரும்பியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "மாஸ்ரர், அந்த விளையாட்டுத் தொடங்கேக்க ஒரு கடைப் பேர் வருது. அது உங்கட மச்சான்ர கடை. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"பிறகேன் கூட்டத்தில சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்களோ எண்டு பாத்தன்."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "உங்கள இனி நம்புறது கஷ்டம். ஆனா வேலை கிடக்கு. வாங்கோ கடைக்கு" என்றார்.

மச்சான் பயந்துபோய்ச் சீடிகளை உடைக்கிறேன் என்றான். அவர் தடுத்தார். "உடைக்க வேண்டாம், தம்பி. மாத்திறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. எங்கட பேரையும் படத்தையும் எடுத்திட்டு, உங்கட பேரில வில்லுங்கோ." கடதாசியும் பேனையும் எடுத்து அவன் முன் வைத்தார். அவனுக்கு ஒரு பெயரும் வரவில்லை. அரை மணித்தியாலம் யோசித்து 'மல்லாவி வீரன்' என்று எழுதினான். ரீச்சர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரமே யோகனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் என்னோடு பல நாள் கதைக்கவில்லை.

பதிவுப் படிவத்தில் மூவருடைய பெயரும் இருப்பதாக ரீச்சர் பிறகு சொன்னார். அப்போதும் நான், காட்டுங்கோ என்று கேட்டேன். காட்டினார். அவருடைய பெயர் கடைசியில் இருந்தது. அதன் பிறகும் என் கையால் கொடுத்த எந்தச் சீடியையும் என் முன்னாலேயே போட்டுப் பார்க்காமல் அவர் வாங்கியதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், நானும் யோகனும் தண்ணீரூற்றுக்குப் போனோம். அவருடைய வளவில், அவர் கட்டத் தொடங்கியிருந்த வீட்டின் அரைச் சுவர் மட்டுமே எழும்பியிருந்தது. பக்கத்து வளவிலிருந்து ஒரு அம்மா வேலியோரம் வந்து, "ஆர் நீங்கள்? காணி பாக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. இந்த வீட்டுக்காரி காலமாகிட்டா. அவாவோட வேலை செய்தனாங்கள்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்; கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. இரண்டு பேணியில் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலாலே நீட்டினார். நின்றபடியே குடித்தோம்.

ரீச்சர், உங்கள் ஊர்த் தண்ணீர் இனிப்பாக இருந்தது. அமைதியாக உறங்குங்கள்.