அக்காவின் மூன்றாவது முட்டி

எங்கள் அக்கா உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளை வீட்டுத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். பதினோரு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அதுவரை நிம்மதியாக இருந்ததாக அவரே சொல்லுவார். உக்குவளைக் கடைவீதியில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளைப்பேறின்றி நாற்பது வயதில் அத்தானை இழந்தார்.

எங்களோடு வந்து இருக்கும்படி மாத்தளையிலிருந்து ஞாயிறுதோறும் போய் அழைத்தேன். "நான் வந்துட்டா இதுங்கள யாரு பாக்குறது?" என்று தாழ்வாரத்தைக் காட்டுவார். அங்கே பானை போன்ற மூன்று மண்முட்டிகள் தொங்கின, மூன்றிலும் தேனீ. அடுத்த கொக்கோத் தோட்டத்துப் பண்டா அண்ணன் பழக்கிக் கொடுத்த தொழில். தேன் எடுக்கும்போது பாதி அடையைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவார். உறவினர் பலருக்குக் கிடைத்த போத்தல் நிறையாதிருந்ததற்குக் காரணம் அதுவே, கஞ்சத்தனமல்ல.

ஒரு வருடம் ஐப்பசியில் பிடித்த மழை தை வரை விடவில்லை. பூக்கள் அழுகின. வெளியே போக முடியாத தேனீக்கள் இருந்ததைத் தின்று தீர்த்தன. கார்த்திகையில் ஒரு முட்டி ஓய்ந்தது, மார்கழியில் இன்னொன்று. மூன்றாவதற்குச் சாக்கைச் சுற்றி, சிரட்டையில் சீனிப்பாகு வைத்தார்.

"ரப்பர் தளிர்த்துத் தேன் சுரக்கிற வரைக்கும் இது தாங்கிட்டா நான் இங்கயே இருப்பேன். போயிருச்சுன்னா உன் வீட்டுக்கு வந்துடுறேன். அதுவரைக்கும் வந்து நச்சரிக்காதடா தம்பி."

நான் நச்சரிக்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தேன்.

தை வெள்ளியொன்றில் அக்கா காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். சாம்பிராணி காட்டும் பொறுப்பு பார்க்கப் போன எனக்கு வந்தது. வீடு, அடுப்படி, ஆட்டுக்கொட்டில் எல்லாம் காட்டினேன். தேனீக்களும் வீட்டு ஆட்கள்தானே என்று முட்டி வாயிலும் தாராளமாகக் காட்டினேன். புகை தேனீயைச் சாந்தப்படுத்தும் என்று படித்திருந்தேன். எவ்வளவு புகை என்ற பக்கம் வரை படிக்கவில்லை. மிச்சமிருந்த பாகையும் குடித்துவிட்டு, மழை விட்ட இடைவெளியில் கூட்டம் மொத்தமும் கொக்கோ மரங்களுக்கு மேலே போயிற்று.

"அனே, ஐயோ தம்பி, பசியில கெடந்ததுகளுக்குச் சோறு குடுக்காம சாம்பிராணியா குடுத்தீங்க?" என்றார் பண்டா அண்ணன்.

அக்கா எழுந்து வந்து முட்டிக்குள் பார்த்தார். உள்ளே தேனீயை இழுக்கும் பழைய மெழுகைத் தேய்த்து, முட்டியை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டார். "பெட்டிய எடு. சொன்னா சொன்னதுதான்."

ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாசிக் கடைசியில் பண்டா அண்ணன் ரயிலேறி வந்தார். "தங்கச்சி, மூணாவது முட்டியில சத்தம் கேக்குது."

அரிசி களைந்த கையைத் துடைத்தபடி அக்கா கேட்டார்: "ரயில் எத்தனை மணிக்கு?"

அதன்பின் நான் அழைக்கவில்லை. பல வருடம் கழித்து, சென்ற மாதம் நான்கு நாள் காய்ச்சலில், தம் சொந்தக் கட்டிலிலேயே கண்மூடினார். மழையில் வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பாடை தூக்கிய கடைவீதியினருக்கும், தள்ளாத வயதிலும் சுடுகாடு வரை நனைந்தபடி வந்த பண்டா அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் என் மனைவி சாம்பிராணித் தட்டோடு தாழ்வாரத்துப் பக்கம் திரும்பினாள். ஓடிப்போய் இரு கைகளையும் விரித்து மறித்தேன்.

"ஏங்க, அங்க மட்டும் காட்டாம விடலாமா?"

"அங்க நான் ஏற்கனவே காட்டியாச்சு."

ஞாயிறுதோறும் இப்போதும் உக்குவளைக்குப் போகிறேன். அழைத்துவர அங்கே யாருமில்லை. மழை இன்னும் விடவில்லை. மூன்றாவது முட்டிக்குச் சிரட்டையில் பாகு ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.