வாசலில் வரவேற்கிறவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தேவாலய வாசலில் நின்று கைகூப்பி வரவேற்பவர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட விறைப்பான புன்னகை. ஒரு ஞாயிறு பூசையில் பாட்டு தொடங்கியதும், ஆட்டிசம் உள்ள என் மகன் உரக்கச் சிரித்தான். அவர் அதே புன்னகையோடு வந்து குனிந்தார்.

“சேச்சி, மோனை வெளியே கூட்டிட்டுப் போங்க. ஆளுகளுக்குச் சல்லியமா, தொந்தரவா இருக்கு.”

“பாட்டு பிடிச்சுச் சிரிக்கறான், சேட்டா.”

“சந்தோஷமெல்லாம் வீட்ல வச்சுக்கலாம்.”

மறுவாரம் அவரே வீடு தேடி வந்தார். சிறப்புக் குழந்தைகளுக்குத் தேவாலயத்தில் விழாவாம்; என் மகன் முன்வரிசையில் நிற்க வேண்டுமாம்.

“அன்னைக்கு அவன் சிரிக்கலாமா?” என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். “ஃபோட்டோ எடுக்கும்போது சிரிச்சாப் போதும், சேச்சி.”

கிண்டல் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். பெரிய உதவி செய்கிற நினைப்பில் சொன்னார் அந்த மனிதர்.