காலடி வெளிச்சம்

“…அந்த வெளிச்சத்துலதான் காலை வைக்கணும். அதுக்காகத்தானே சார் செஞ்சேன்! அம்மா அதைத் தாண்டி வச்சு வாய்க்கால்ல விழுந்துட்டாங்க,” என்றார், சென்னை ரயிலில் என் எதிரே இருந்தவர்.

கார் கம்பெனிப் பொறியாளர். நரைத்த மீசை. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், நம் காலைத்தான் பார்ப்பார். கார்க் கதவைத் திறந்தால் பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து தரையில் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வடிவமைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் கம்பெனிப் பெயரும் தெரிய வேண்டும் என்றது மேலிடம். மாதிரி விளக்கைத் தன் காரில் பொருத்திக்கொண்டு குடவாசல் போனவர், இருட்டும் நேரத்தில் வாய்க்கால் ஓரமாக நிறுத்தி அம்மாவை இறங்கச் சொல்லியிருக்கிறார்.

“‘எழுத்தைப் போயி மிதிக்கச் சொல்றியேடா’ன்னாங்க சார். இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்க.”

“பேரை எடுத்துட வேண்டியதுதானே?”

“எடுத்தா என் வேலையையும் எடுத்துடுவாங்க. நாளைக்குக் காட்டணும்.” அந்த வெளிச்சத்தைக் கம்பெனிப் பெயரோடு பென்சிலில் வரைந்திருந்த படத்தை என் காலடியில் விரித்தார். “நீங்க மிதிங்க சார், பார்ப்போம்.”

செருப்பைக் கழற்றிய பிறகும் எனக்குக் கால் வரவில்லை.

அவர் குனிந்து படத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ரப்பரை எடுத்து, அந்தப் பெயரை அழிக்கத் தொடங்கினார்.